கிட்டப்பாவும் மூன்று நிமிடத் தட்டும்

இளவயதில் போய்விட்ட கலைஞர்களைப் பற்றிக் கதைக்கும்போது, "இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாமே" என்று பெருமூச்சு விடுவது நம் வழமை. பாரதி 38 வயதில் மறைந்தார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29இல் போனார். ஆனாலும் கவிஞர் எழுதியது கடதாசியில் கிடக்கும். பாடகருக்கு அந்த வசதி இல்லை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் கதை இதற்கு நல்ல சாட்சி.

1906இல் பிறந்த கிட்டப்பா சிறுவனாகவே நாடக மேடை ஏறியவர். கன்னையா கம்பெனி நாடகங்கள் அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தன. அந்தக் காலத்து நாடகம் இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். மைக்கா, ஸ்பீக்கரா, ஒன்றுமில்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் குந்தியிருப்பவருக்கும் கேட்கவேண்டுமென்றால் உச்சச் சுருதியில் நின்று பாடத்தான் வேண்டும்.

இக்கதையில் கொழும்புக்கும் ஓர் இடமுண்டு. தமிழகத்து நாடகக்காரர் அன்று கடல் தாண்டி இங்கே வந்து நடித்துப் போவார்கள். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் கொழும்பு மேடைகளில் புகழோடு இருந்த நேரம், 1926இல், கிட்டப்பாவும் வந்து அவரோடு சோடி சேர்ந்து நடித்தார். மறுவருடம் இருவரும் மணந்தனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிணக்கும் பிரிவும் பின்னால் வந்தன. 1933 டிசம்பர் 2ஆம் திகதி அவர் காலமானபோது வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

காலக்கணக்கைப் பாருங்கள். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931இல் வந்துவிட்டது. எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்த 'பவளக்கொடி' 1934இல் வந்தது. இடையில் போய்விட்ட கிட்டப்பா ஒரு படத்திலும் இல்லை. மிஞ்சியவை கிராமபோன் தட்டுகள் மட்டுமே. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். இரவு முழுக்கப் பாடியவரை அந்த மூன்று நிமிடத்தை வைத்துத்தான் இன்று நாம் மதிப்பிடுகிறோம்.

சுந்தராம்பாளோ வெள்ளைச் சேலைக்கு மாறினார். இன்னோர் ஆணோடு சோடியாக நடிக்க மறுத்தார். 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில் தானே நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1953இல் 'ஔவையார்' வந்தது. 1980 வரை வாழ்ந்தார். அந்த 47 வருடமும் அவர் பேரைச் சொன்னால் கிட்டப்பா பேரும் கூடவே வந்தது. இளமையில் இறந்ததால் மட்டும் ஒருவர் நினைவில் நிற்பதில்லை. தட்டு இருக்கவேண்டும், ஞாபகத்தைச் சுமக்க ஆளும் இருக்கவேண்டும்.

ஆள்கள் போய்விட்டார்கள். தட்டுகளாவது மிஞ்சட்டும். மூத்தாப்பாமார் வாங்கிய தட்டுகள் இன்னும் சில வீட்டுப் பரணில் கிடக்கலாம். அவை அரக்குத் தட்டுகள். கைதவறி விழுந்தால் உடையும். பழைய எஃகு ஊசி ஓட ஓடத் தேயும். ஆகவே ஆசைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். தட்டின் நடுவிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் முதலில் குறித்து வையுங்கள். விசயம் தெரிந்தவரைக் கொண்டு ஒலியைப் பிரதி எடுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். நம்முடைய பாடகர்களின் பழைய தட்டுகளுக்கும் இதே கதிதான். பழைய சாமான்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டால் அந்தக் குரலை மீண்டும் எங்கே போய்த் தேடுவது?