விமானியின் முழங்காலில் ஒரு தேசப்படம்

நிலத்திலே செல்வோனுக்குப் பாதை உண்டு. பாதை தவறினால் எதிர்ப்படுவோரை வினவி அறியலாம். கடலிலே செல்வோனுக்குப் பாதை இல்லையெனினும், கரையோரத்திலே நங்கூரம் பாய்ச்சி விடியும்வரை காத்திருத்தல் கூடும். வானத்திலே செல்வோனுக்கோ இவ்விரண்டும் இல்லை. அவன் நிற்க முடியாது. எவரையும் வினவ முடியாது. எரிபொருள் தீருமுன் எங்கேனும் இறங்கியே ஆகவேண்டும். ஆதலின், 'நான் இப்பொழுது எங்கே இருக்கின்றேன்?' என்னும் எளிய வினா விமானிக்கு உயிர் வினாவாகும்.

இக்காலத்திலே சிறு விமானம் ஒன்றைச் செலுத்துவோர், பள்ளிப் பிள்ளையின் சிலேட்டளவான கணினித்திரை ஒன்றை முழங்காலிலே கட்டிக்கொண்டு பறப்பதைக் காண்கின்றோம். கையடக்கத் தொலைபேசியிலேகூட இயங்கவல்ல செயலி ஒன்று அத்திரையிலே தேசப்படத்தை விரிக்கின்றது. படத்தின்மீது ஒரு சிறு விமானக்குறி நகர்ந்துகொண்டே இருக்கின்றது. மேற்கூறிய உயிர் வினாவுக்குரிய விடை அக்குறியே. அந்த விடை மனிதனுக்கு எவ்வளவு காலத்தில், என்ன விலைக்குக் கிடைத்தது என்பதை நேயர்களுக்குச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

1909ஆம் ஆண்டு யூலை 25ஆம் நாள் பிரான்சு தேசத்து லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அவரிடத்திலே திசையறிகருவிகூட இருக்கவில்லை. நடுவழியிலே சுமார் பத்து நிமிட நேரம் இரு கரைகளும் அவர் கண்ணுக்குத் தோன்றாமற் போயின. கருவி இன்றியும் படம் இன்றியும் அவர் கரைசேர்ந்தமை துணிவினாலும் நல்லூழினாலும் ஆயது. ஆனால், நாள்தோறும் செய்யவேண்டிய தொழிலை நல்லூழை நம்பி நடத்துதல் இயலாது.

அமெரிக்கத் தபாற் பகுதியார் இவ்வுண்மையை முதல் நாளிலேயே கண்டனர். 1918ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், வாசிங்டன் நகரிலே, சனாதிபதி வில்சன் முன்னிலையில், விமானத் தபாற் சேவை ஆரம்பமாயிற்று. வடக்கே பிலடெல்பியாவை நோக்கிச் செல்லவேண்டிய இளம் விமானி, புகையிரதப் பாதையைப் பார்த்துக்கொண்டே வழிதவறித் தென்கிழக்கே சென்றுவிட்டார். வோல்டோவ் என்னும் ஊரருகே வயலொன்றில் இறங்கியபொழுது விமானம் பழுதடைந்தது. விமானத்திலே அனுப்பிய தபால் தரைவழியே வாசிங்டனுக்குத் திரும்பியது. விமானத்தைக் கட்டக் கற்றுக்கொண்ட மனிதன், அதற்குரிய வழியை வரைய இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அன்று யாவர்க்கும் புலனாயிற்று.

மூன்று ஆண்டுகளின் பின் நடந்த மற்றொரு நிகழ்ச்சி இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1921ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 22ஆம் நாள் இரவு, ஜாக் நைற் என்னும் விமானி நெபிறாஸ்கா மாநிலத்திலே நோர்த் பிளற் என்னும் ஊரிலிருந்து தபால் கொண்டு ஓமகா நகரை அடைந்தார். அங்கிருந்து சிக்காகோவரை தபாலைக் கொண்டுசெல்ல வேண்டிய விமானி காலநிலையினாலே வந்துசேரவில்லை. நைற் அவ்வழியை முன் ஒருபோதும் பறந்து கண்டவர் அல்லர். ஆயினும், மோட்டார் வண்டி ஓட்டுவோர் வைத்திருக்கும் தெருப்படம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, குளிர்காலத்து நள்ளிரவின் பின்னர் அவர் புறப்பட்டார். கீழே ஊரவரும் தபாற் சேவகரும் மூட்டிய சொக்கப்பனை போன்ற தீக்கள் ஆங்காங்கே வழிகாட்டின. காலையிலே சிக்காகோவில் இறங்கினார். சான்பிரான்சிசுக்கோவிலிருந்து புறப்பட்ட தபால் 33 மணி 20 நிமிடத்தில் நியூயோர்க்கை அடைந்தது.

இந்த வெற்றியின் பயனாகப் பத்து மைலுக்கு ஒன்றாக ஒளிக்கம்பங்கள் நாட்டப்பெற்றன. அவற்றின் அடியிலே அடுத்த கம்பத்தின் திசையைச் சுட்டும் பெரிய சீமெந்து அம்புகள் நிலத்தோடு பதிக்கப்பெற்றன. சிக்காகோவுக்கும் ஷையன் நகருக்கும் இடையே ஒளியூட்டப்பெற்ற வழியிலே 1924ஆம் ஆண்டு யூலை முதல் இரவுப் பறப்பு ஒழுங்காக நடைபெறலாயிற்று. அக்காலத்திலே தேசப்படம் காகிதத்தில் இல்லை. நிலத்தின்மீதே எழுதப்பட்டிருந்தது எனலாம். ஆயின், முகில் மூடினால் அப்படமும் மறைந்துவிடும்.

இனி, இவ்வரலாற்றின் தலையாய மனிதர் ஒருவரைக் குறிப்பிடுதல் வேண்டும். அவர் 1907ஆம் ஆண்டு பிறந்த எல்றி ஜெப்பசன் என்பவர். 1930ஆம் ஆண்டளவில் ஷையன் நகருக்கும் சோல்ற் லேக் நகருக்கும் இடையே மலைகளைக் கடந்து தபால் விமானம் செலுத்தினார். தம்மோடு தொழில் செய்தோர் ஒருவர்பின் ஒருவராய் மலைமுகடுகளிலே மோதி மடிதலைக் கண்டார். பத்துச் சதம் கொடுத்து ஒரு கறுப்புக் குறிப்புப்புத்தகத்தை வாங்கினார். இறங்கும் வயல்களின் நீளமென்ன, சரிவு எப்பக்கம், அருகேயுள்ள நீர்த்தாங்கியின் உயரமென்ன, எந்தக் கமக்காரனைத் தொலைபேசியில் அழைத்தால் அங்குள்ள வானிலையைச் சொல்வான் என்பனவற்றையெல்லாம் அதிலே எழுதினார். ஓய்வு நாள்களிலே உயரமானியைத் தூக்கிக்கொண்டு குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏறி, அவற்றின் உயரத்தைத் தாமே அளந்தார்.

அப்புத்தகத்தைப் பிற விமானிகள் இரவல் கேட்கத் தொடங்கினர். 1934ஆம் ஆண்டிலே பத்து டொலர் விலைக்கு அதனை அச்சிட்டு விற்கலானார். ஏடுகளைக் கழற்றி மாற்றக்கூடியவாறு அது அமைந்திருந்தமை கவனித்தற்குரியது. உலகம் மாறும்பொழுது படமும் மாறவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்று விமானப் படங்களுக்கு வேண்டிய தரவுகள் சர்வதேச ஒழுங்கின்படி 28 நாளுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. டென்வர் நகரின் விமான நிலையக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கண்டத்தின்மீது பறப்போருக்கு இவ்வாறு படம் அமைந்தது. மாகடலின்மீது பறப்போர் செய்ததென்ன? இதற்கு நமது இலங்கைத் தீவே சான்று கூறும். இரண்டாம் உலகப் போரிலே சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான விமானவழி துண்டிக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து 1945ஆம் ஆண்டு நடுப்பகுதிவரை, காலிக்கு அணித்தான கொக்கல வாவிக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவிலுள்ள பேர்த் நகருக்கும் இடையே, குவான்டாஸ் கம்பனியார் கற்றலினா என்னும் நீர்விமானங்களை நடத்தினர். தூரம் ஏறத்தாழ 3,500 மைல். இடையிலே இறங்க இடமில்லை. பறக்கும் நேரம் 27 மணி முதல் 33 மணிவரை. ஒரே பயணத்தில் சூரியோதயத்தை இருமுறை கண்டமையால், 'இரட்டைச் சூரியோதயப் பறப்பு' என அது பெயர் பெற்றது.

எதிரி அறிந்துவிடுவான் என்னும் அச்சத்தால் வானொலி மௌனம் பேணப்பட்டது. ஆகவே மீகாமனுக்குத் துணையாய் நின்றவை நாண்மீன்களே. கோணமானியைக் கொண்டு விண்மீனின் உயரத்தை அளந்து, நேரத்தைக் குறித்து, அட்டவணையைப் புரட்டிக் கணக்கிட்டு, வெறுமையான கடற்படத்திலே ஒரு புள்ளியை இடுவான். அப்புள்ளியை இட்டு முடிக்குமுன் விமானம் பல மைல் தூரம் கடந்திருக்கும். அவ்விமானங்களுக்கு இட்ட பெயர்களும் விண்மீன்களின் பெயர்களே. அவற்றுள் அல்ரெயர் நம்மவர் திருவோணம் என்பது, அன்ராறிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. இருநூற்றெழுபத்தொரு முறை அக்கடலைக் கடந்தும் ஓருயிரும் இழக்கப்படவில்லை. கருவியின் பெருமையன்று இது. கணக்கிலே கொண்ட ஒழுக்கத்தின் பெருமை.

போரின் பின்னர் வானொலிக் கதிர்களால் வழியறியும் முறைகள் பெருகின. 1950களிலே பிரித்தானியாவின் டெக்கா முறையோடு இணைந்த கருவியொன்று, உருளையிலே சுற்றிய காகிதப் படத்தின்மீது பேனா ஒன்றினால் விமானத்தின் வழியைக் கோடிட்டுக் காட்டிற்று. நகரும் படத்தின் மூதாதை அதுவே எனலாம். 1982ஆம் ஆண்டு சேவைக்கு வந்த போயிங் 767 போன்ற பெரு விமானங்களிலே படம் கண்ணாடித் திரையில் ஏறியது. செல்லவேண்டிய வழி கத்தரிப்பூச் சாயலான சிவப்புக் கோடாகத் தோன்றியது. ஆயினும் எல்லா விமானங்களிலும் அவ்வசதி இருக்கவில்லை.

அந்தக் குறையினால் விளைந்த கேட்டை உலகம் மறத்தற்கில்லை. 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள், அங்கரேஜிலிருந்து சியோல் நகருக்குச் சென்ற கொரிய விமானம் வழியினின்றும் முந்நூறு மைலுக்கு மேல் விலகிச் சோவியத் வான்பரப்பினுட் புகுந்தது. சகாலின் தீவருகே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். தன்னியக்கி ஒரே திசையிற் செல்லுமாறு விடப்பட்டிருந்ததை விமானிகள் மணிக்கணக்காக உணரவில்லை என்பது சர்வதேச விசாரணையிலே தெளிவாயிற்று. திரையிலே ஒரு படம் நகர்ந்திருந்தால், அலாஸ்காவின் கரையைக் கடந்த சிறிது நேரத்திலேயே பிழையைக் கண்டிருப்பர்.

அவ்வாண்டு செப்டெம்பர் 16ஆம் நாள், அமெரிக்கப் படைத்துறை அமைத்துவந்த செய்மதி முறையைக் குடிமக்களின் விமானங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த இடமளிக்கப்படும் என அமெரிக்க அரசு அறிவித்தது. 1978இல் முதற் செய்மதி ஏவப்பட்ட இம்முறை 1995இலே முழுமையுற்றது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றும் செய்மதிகள் ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் அறிவித்தவண்ணம் இருக்கும். நான்கு செய்மதிகளின் அறிவிப்பு வந்துசேரும் கால வேறுபாட்டிலிருந்து கருவி தன் இடத்தைக் கணிக்கின்றது. நேரக் கணக்கில் ஒரு செக்கனின் பத்துலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் இடக் கணக்கில் முந்நூறு மீற்றர் பிழைக்கும். பிறருக்குத் துல்லியம் குறையும்படி வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்திலே நீக்கப்பட்டது.

பத்தாண்டின் பின், 2010இலே, ஐபாட் என்னும் கையடக்கக் கணினி சந்தைக்கு வந்தது. செயலி செய்வோர் அதனைப் பற்றிக்கொண்டனர். இன்று விமானி வீட்டிலிருந்தே ஷையன் நகரையும் சோல்ற் லேக் நகரையும் விரலாற் தொட்டால் இரண்டுக்குமிடையே கோடு விழுகின்றது. மலையோ தடைசெய்யப்பட்ட வான்பரப்போ குறுக்கிட்டால், கோட்டை நடுவிலே பிடித்து நூல்போல இழுத்து வேறிடத்தால் வளைக்கலாம். காற்றின் திசையும் வேகமும் சேர்க்கப்பட்டு, செல்லும் நேரமும் எரிபொருளும் உடனே கணக்காகின்றன. வழியின் பக்கவாட்டுத் தோற்றத்திலே மலைகள் எழுந்து நிற்கின்றன. பறக்கும் உயரத்தை எட்டும் நிலம் சிவப்பாகவும், அதற்குச் சற்றுக் கீழ்ப்பட்டது மஞ்சளாகவும் தோன்றுகின்றது. மழைமுகிலும், மூடப்பட்ட ஓடுபாதை பற்றிய அறிவித்தலும் அப்படத்தின்மீதே வந்து படிகின்றன. ஜெப்பசன் குன்றேறி அளந்தது, நைற் தீயைத் தேடிக் கண்டது, கொக்கல மீகாமன் விண்மீனைப் பார்த்துக் கணித்தது ஆகிய யாவும் ஒரு சிலேட்டிலே ஒருங்கு கூடியுள்ளன.

ஆயின், இவ்வளவும் கிடைத்தபின் விமானி செய்யவேண்டியது யாது? இவ்விடத்திலேதான் நாம் சிந்தித்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பனி ஒன்றிலே, வாசிங்டன் விமான நிலையத்தின் படம் ஒன்று தரவிலே இருமுறை இடம்பெற்றமையால், விமானிகளின் செயலி செயலிழந்து பற்பல விமானங்கள் தாமதமாயின. திரையிலே தோன்றும் மழைப்படம் சில வேளைகளில் அதிற் குறித்த நேரத்தினும் பதினைந்து இருபது நிமிடம் பழையதாயிருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012இலே எச்சரித்தது. அப்படத்தைப் பார்த்துப் புயல்முகில்களிடையே இடைவெளி தேடுவோன், முன்பு இருந்து இப்பொழுது மூடிவிட்ட வாயிலை நோக்கிச் செல்வோனாவான். அன்றியும், 2023ஆம் ஆண்டு முதல் மத்திய கிழக்கின் வான்வழிகளிலே செய்மதிக் குறிகளைப் போலப் பொய்க்குறிகள் பரப்பப்படுதலால், வேறெங்கோ பறக்கும் விமானத்தைப் பெய்றூட் விமான நிலையத்திலே நிற்பதாகக் கருவிகள் காட்டியதும் உண்டு.

பொய்யும் மெய்யும் திரையிலே ஒரே வடிவிற்றான் தோன்றும். இரண்டையும் பகுத்தறிவதற்கு விமானியின் உள்ளத்திலே மற்றொரு படம் இருத்தல் வேண்டும். 'இவ்வளவு நேரம் பறந்தோம், ஆறு இடப்பக்கம் வந்திருக்கவேண்டும், வந்ததா?' என்று சன்னலால் எட்டிப் பார்க்கும் வழக்கம் இருத்தல் வேண்டும். சிவப்புக் கோட்டையே பின்பற்றிக் கண்ணும் கருத்தும் அயர்ந்த விமானிகளை அக்கோட்டின் பிள்ளைகள் என அமெரிக்கப் பயிற்சியாசிரியர் ஒருவர் 1997ஆம் ஆண்டு அழைத்தார். அவர் கருவியை இகழவில்லை. கருவிக்கு அடிமையாதலையே இகழ்ந்தார்.

இஃது விமானிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. வகுப்பறைச் சுவரிலே தேசப்படத்தைத் தொங்கவிட்டு, வடக்கு எங்கே என்று கேட்டால், கூரையைச் சுட்டிக்காட்டும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கின்றேன். படத்தின் மேற்பக்கம் வடக்கு என்று அவர்கள் கற்றது உண்மையே. ஆனால் படத்துக்கு வெளியே உலகம் இருக்கின்றது என்பதைக் கற்கவில்லை. அப்பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, காலைச் சூரியனை வலக்கைப் பக்கம் வைத்து நிறுத்தி, 'இதோ உன் முகம் பார்க்கும் பக்கமே வடக்கு' என்று காட்டியபின், மீண்டும் சுவர்ப்படத்தின் முன் கொண்டுவந்து விடுவேன். அதன்பின் அவர்கள் படத்தைப் பார்க்கும் பார்வையே வேறு. முழங்காலிலே திரையைக் கட்டிக்கொண்டு பறப்போனுக்கும், கையிலே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு தெருவிலே நடக்கும் நமக்கும் வேண்டற்பாலது அந்தப் பார்வையேயாகும்.