நரக குண்டத்துக்கு ஒரு டிக்கெட்

இந்தியாவில் எரிமலை உண்டா என்று கேட்டால், படித்தவர்களிலேயே பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். உண்டு. அதுவும் இன்றைக்கும் நெருப்பைக் கக்குகிற எரிமலை. வங்கக் கடலுக்கு அப்பால் அந்தமான் கடலில், நேற்று வரையில் போர்ட் பிளேர் என்று வழங்கிய பட்டணத்துக்கு வடகிழக்கே சுமார் 138 கிலோமீட்டர் தூரத்தில் அது இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதற்குப் 'பாரன்' தீவு என்று பெயர் வைத்தார்கள். தரிசுத் தீவு என்று பொருள். அதற்கு வடக்கே நார்க்கொண்டம் என்று இன்னொரு தீவு. அதுவும் எரிமலை பெற்ற பிள்ளைதான். ஆனால் எப்போதோ உறங்கிப் போய்விட்டது. இந்த இரண்டு தீவுகளையும் உல்லாசப் பிரயாணிகளுக்குத் திறந்துவிடலாமா, விட்டால் எதுவரையில் விடலாம் என்பதுதான் இப்போது நம் முன்னால் உள்ள விஷயம்.

அன்னவாசலில் உட்கார்ந்துகொண்டு அந்தமானைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்த ஊருக்கு வடமேற்கே கொடும்பாளூர் இருக்கிறது. இன்று அங்கே மூவர் கோயிலைப் பார்க்கத்தான் ஜனங்கள் போகிறார்கள். ஒரு காலத்தில் அது மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் வாழ்ந்த ஊர். அந்த மணிக்கிராமத்தின் பெயர் கடல் கடந்து, தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்னும் இடத்தில், 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் காணப்படுகிறது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி மணிக்கிராமத்தாரின் காவலில் விட்ட செய்தி அது. பிறகு 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தின் மீது சென்றது. அவனுடைய மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடுவது நிக்கோபார் தீவுகளைத்தான். 1088-இல் சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்தருகே திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் தமிழில் கல்வெட்டு நாட்டினார்கள். கடற்கரையையே காணாத இந்த வறண்ட பூமிக்கும் அந்தக் கடலுக்கும் அவ்வளவு பழைய உறவு! 2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ராஜேந்திரன் தோற்கடித்த ராஜ்யத்துக்கும் ஸ்ரீ விஜயம் என்றே பெயர் என்பதை நினைத்தால் சரித்திரம் படித்தவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும்.

பெயர் விஷயத்தில் அந்தத் தீவுகளுக்கே ஒரு வேடிக்கை நேர்ந்திருக்கிறது. நார்க்கொண்டம் என்பது 'நரக குண்டம்' என்பதன் மரூஉ என்று சொல்லுகிறார்கள். ஆனால் நார்க்கொண்டத்தில் நரகமும் இல்லை, குண்டமும் இல்லை. 710 மீட்டர் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று காடு எழும்பி நிற்கிறது. குண்டத்தில் நெருப்பு எரிகிற தீவோ பாரன் தீவு. பழைய மாலுமிகள் ஒன்றுக்கு வைத்த பெயர் மற்றொன்றின் மேல் ஏறிவிட்டது என்று கருதிய அறிஞர்கள் உண்டு.

பாரன் தீவு குறுக்கே மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். பழைய மலையின் வட்டமான சுவர் கோட்டை மதில்போல் நிற்கிறது. மேற்குப் பக்கத்தில் அது உடைந்து கடலுக்கு வழிவிட்டிருக்கிறது. நடுவில் சாம்பலால் குவிந்த கூம்பு. நாம் காண்பது வெறும் சிகரந்தான். மலையின் பெரும் உடல் கடலுக்கு அடியில் 2,000 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. இந்திய நிலத்தட்டு பர்மியத் தட்டுக்குக் கீழே நுழைந்து செல்வதால் பூமிக்குள் பாறை உருகி, சுமத்ராவிலிருந்து பர்மாவரையில் எரிமலைகள் வரிசையாகக் கிளம்பியிருக்கின்றன. அந்த வரிசையில் நம் பங்குக்குக் கிடைத்தவை இந்த இரண்டு.

1787-இல் கோல்புரூக் என்ற ராணுவ அதிகாரி கப்பலில் போகும்போது இதன் புகையைப் பார்த்து எழுதிவைத்தார். 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் பார்த்தபோது மலை கல்லை வீசிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவோடு அது அடங்கிவிட்டது. 1884-இல் மாலெட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி இரண்டு தீவுகளையும் நிம்மதியாக ஆராய முடிந்தது. செத்துப்போன மலை என்றே பலரும் முடிவு கட்டியிருந்த சமயத்தில், 1991 மார்ச்சில் அது எழுந்து உட்கார்ந்தது! அப்புறம் 1994, 2005, 2017, 2025 என்று அடிக்கடி விழித்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட காட்சிக்குக் கூட்டம் வராமலா இருக்கும்? வரும். ஆனால் எரிமலையைப் பார்ப்பது வேறு, எரிமலையில் நடப்பது வேறு. நியூஸிலாந்தில் வக்காரி என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. அங்கே பிரயாணிகளைப் பள்ளத்தின் விளிம்பு வரையில் நடத்திச் செல்வது வழக்கமாயிருந்தது. 2019 டிசம்பர் 9-ஆம் தேதி 47 பேர் தீவில் நின்றபோது மலை வெடித்தது. 22 பேர் மாண்டார்கள். சில வாரங்களுக்கு முன்பே எச்சரிக்கை அளவை உயர்த்தியிருந்தார்கள். டிக்கெட் விற்பனை நிற்கவில்லை.

மனிதனுக்குத் தீவால் வரும் ஆபத்து அது. தீவுக்கு மனிதனால் வரும் ஆபத்தை அறிய அன்னவாசலிலிருந்து சற்று நடந்தால் போதும். சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம் தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் நீரில் திளைக்க, பூப்பறிக்கும் மனிதர்கள் நிற்கிறார்கள். பாண்டியன் ஸ்ரீ வல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் இந்தக் கோயிலைப் புதுப்பித்தான் என்று கல்வெட்டுச் சொல்கிறது. ஆயிரம் வருஷம் அநாதையாகக் கிடந்தும் பிழைத்த சித்திரம் அது. அதன் பெருமை உலகத்துக்குத் தெரிந்த பிற்பாடு, காவல் போதாத சில பத்து வருஷங்களில் பார்க்க வந்தவர்கள் தொட்டும் சுரண்டியும் பேரெழுதியும் எவ்வளவோ வர்ணத்தைப் போக்கடித்துவிட்டார்கள். பிறகு கம்பிக் கதவு வந்தது. போன வர்ணம் வரவில்லை.

நார்க்கொண்டத்தில் சுரண்டிவிடக்கூடிய சித்திரம் ஒரு பறவை. அந்தத் தீவின் இருவாட்சி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1873-இல் அதை விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் ஆலன் ஹியூம். ஆம், பின்னால் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தாரே, அவரேதான். தீவின் பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பறவைகள் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். 1969-இல் அங்கே போலீஸ் காவல் நிலையம் அமைத்தார்கள். மனிதரோடு ஆடும் வந்தது. இளங்கன்றுகளை ஆடு மேய்ந்துவிட்டால் நாளைக்குக் கூடு கட்ட மரம் ஏது? பின்னால் ஆடுகளை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. ஒரு சிறு காவல் நிலையமே இவ்வளவு செய்யுமானால் ஓர் ஓட்டல் என்ன செய்யும்?

ஆகவே என் அபிப்பிராயம் இது: நார்க்கொண்டத்தை இருவாட்சிக்கே விட்டுவிடலாம். பாரன் தீவைப் பார்க்கட்டும், கப்பலில் இருந்தபடியே பார்க்கட்டும். இப்போதும் பிரயாணிகளைக் கரையில் இறங்க விடுவதில்லை. இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால்தான் வருமானம் வரும் என்று சொல்பவர்கள் எரிமலைகளால் ஆன காலபாகஸ் தீவுகளைக் கவனிக்க வேண்டும். 1959 முதல் அது தேசியப் பூங்கா. வழிகாட்டி இல்லாமல், குறித்த பாதையை விட்டு, ஒருவரும் கால் வைக்க முடியாது. 2024-இல் வெளிநாட்டாருக்கு நுழைவுக் கட்டணத்தை 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தினார்கள். அதற்காக ஜனங்கள் அதை மறந்துவிட்டார்களா என்ன?

கப்பலில் இருந்து பார்ப்பதால் குறைந்துவிடுவது ஒன்றும் இல்லை. 2017 ஜனவரியில் கோவாவின் கடலாராய்ச்சிக் கழகத்து விஞ்ஞானிகள் சிந்து சங்கல்ப் என்ற கப்பலில் சென்று, சுமார் ஒரு மைலுக்கு அப்பால் நின்றே மலை கக்குவதைக் கண்டார்கள். பகலில் சாம்பல் மேகம் மட்டுந்தான் தெரிந்ததாம். சூரியன் விழுந்த பிறகு பார்த்தால் செந்நெருப்பு ஊற்றெடுத்துச் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே போகிறவர்கள் இரவைக் கடலில் கழிக்கும்படி பிரயாணத்தை அமைத்துக்கொள்வது நல்லது. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் அந்தக் கடல் பொல்லாதது. வருஷப் பிறப்பிலிருந்து சித்திரை வரையில் அமைதியாயிருக்கும். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும்.