பொட்டிக்கு வாடகை

போன மாசம் வீடு மாறினோம். வேளச்சேரியில இருந்து மேடவாக்கம். பால் காய்ச்சின அடுத்த வேலையா நெட் கனெக்ஷனுக்கு ஆள் தேடினேன். நமக்குப் பொட்டி தட்டுற பொழைப்பு, நெட் இல்லைன்னா சோறு இல்லை. லிஃப்ட் பக்கத்துல ஒரு நோட்டீஸ், "மாசம் 599 மட்டும்"னு. ஃபோன் பண்ணின அரை மணி நேரத்துல ஒரு தம்பி பைக்ல வந்துட்டார்.

"599தானே தம்பி?"

"ஆமா சார், ஆறு மாசம் சேர்த்துக் கட்டணும்."

சரி, 3,594. அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. இன்ஸ்டலேஷன் 500. ரவுட்டர் வாடகை மாசம் 50, ஆறு மாசத்துக்கு 300. இதுக்கெல்லாம் மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், 790 ரூபாய் 92 காசு. ரவுட்டருக்கு டெபாசிட் 1,500. ஆக மொத்தம் 6,685 ரூபாய். "மட்டும்"ங்கிற வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்னு யோசிச்சுக்கிட்டே ஜிபே பண்ணினேன்.

எனக்கு உறுத்தினது அந்த 50 ரூபாய்தான். டெபாசிட்டும் வாங்கிட்டு வாடகையும் வாங்கினா எப்படி? அப்பாகிட்ட புலம்பினா அவர் சிரிக்கிறார். "நாங்க ஃபோனுக்கே வாடகை கட்டினவங்கடா. வீட்டுல இருந்த கறுப்பு ஃபோன் நம்மளது இல்ல, டிபார்ட்மெண்டோடது. ஸ்க்ரூவைக் கழட்டினாலே தப்பு"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி ஆபீஸ்ல பெரிசா ஆணி எதுவும் இல்லை. இந்தப் பொட்டி வாடகை எங்க ஆரம்பிச்சதுன்னு நோண்ட ஆரம்பிச்சேன். போய் நின்ன இடம் அமெரிக்கா.

அங்க பெல் சிஸ்டம், அதாவது ஏடி அண்ட் டி, பல பத்து வருஷமா ஃபோனை விற்கவே இல்லை, வாடகைக்குத்தான் விட்டாங்க. கம்பி அவங்களது, ஃபோன் அவங்களது, அதை செஞ்ச ஃபேக்டரியும் (வெஸ்டர்ன் எலக்ட்ரிக்) அவங்களது. வெளியாள் செஞ்ச எதையும் அதுல மாட்டக்கூடாதுன்னு விதிமுறையிலேயே எழுதி வெச்சிருந்தாங்க.

இந்த விதி எவ்வளவு தூரம் போச்சுன்னா, ஹஷ்-ஏ-ஃபோன்னு ஒரு சாமான். மின்சாரமும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஃபோன்ல பேசுற வாய்ப்பக்கம் மாட்டிக்கிற ஒரு கிண்ணம், அவ்வளவுதான். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் காதுல விழாம ரகசியம் பேசலாம். ஹாரி டட்டில்ங்கிறவர் 1920கள்ல இருந்து வித்துக்கிட்டிருந்தார். ஃபோன் கம்பெனி இதை மாட்டக்கூடாதுன்னு சொல்ல, 1948ல அவர் எஃப்.சி.சி.கிட்ட (நம்ம ஊர் டிராய் மாதிரி) முறையிட்டார். அவங்க ஏழு வருஷம் யோசிச்சு 1955ல கம்பெனி பக்கமே தீர்ப்பு சொன்னாங்க. அடுத்த வருஷம் வாஷிங்டன் அப்பீல் கோர்ட் அதைத் தூக்கி வீசிடுச்சு. கையைக் குவிச்சு வெச்சுப் பேசினாலும் இதே விளைவுதானே, அதையும் தடை பண்ணுவீங்களாங்கிற மாதிரி ஒரு கேள்வி. நியாயமான கேள்வி!

இதுல எனக்குப் புல்லரிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கிண்ணத்துக்காக சாட்சி சொன்ன ஒலியியல் நிபுணர்கள் ரெண்டு பேர்ல ஒருத்தர் லியோ பெரானெக், இன்னொருத்தர் ஜே.சி.ஆர். லிக்லைடர். பெரானெக் சேர்ந்து ஆரம்பிச்ச பிபிஎன் கம்பெனிதான் 1969ல ஆர்ப்பாநெட்டுக்கான முதல் பொட்டிகளைச் செஞ்சது. லிக்லைடர்தான் 1960கள்ல ஆர்ப்பாவில உட்கார்ந்து கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கணும்னு கனவு கண்ட மனுஷன். இன்டர்நெட்டோட தாத்தாக்கள் ரெண்டு பேரும் பொட்டி வழக்குல ஆஜர் :-)

அடுத்தவர் டாம் கார்ட்டர், டெக்சாஸ்காரர். எண்ணெய்க் கிணத்துலயும் மாட்டுப் பண்ணையிலயும் இருக்கிறவங்க வாக்கி டாக்கி வெச்சிருப்பாங்க, ஆனா அதுல இருந்து ஃபோனுக்குப் பேச முடியாது. இவர் ஒரு தொட்டில் செஞ்சார். ஆபீஸ் ஃபோன் ரிசீவரை அதுல படுக்க வெச்சா, சத்தம் அங்கிருந்து ரேடியோவுக்குப் போகும். பேரு கார்ட்டர்ஃபோன். 1959ல இருந்து 66க்குள்ள சுமார் 3,500 வித்திருக்கார். வாங்கினவங்களைப் பார்த்து, "லைனைக் கட் பண்ணிடுவோம்"னு ஃபோன் கம்பெனி மிரட்டல். கார்ட்டர் கோர்ட்டுக்குப் போய், வழக்கு சுத்திச் சுத்தி எஃப்.சி.சி.க்கே வந்து, 1968 ஜூன்ல தீர்ப்பு. நெட்வொர்க்குக்குக் கெடுதல் பண்ணாத எதையும் வாடிக்கையாளர் மாட்டிக்கலாம், தடை செஞ்ச விதிதான் செல்லாது.

கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா அதுதான் இல்லை. என்னை மாதிரி பில் பார்த்து நொந்தவங்களுக்கு முக்கியமான கட்டமே இதுக்கப்புறம்தான். ஏடி அண்ட் டி, "சரி, மாட்டிக்கோங்க. ஆனா எங்க லைனுக்குப் பாதுகாப்பு வேணும், அதனால நடுவுல எங்க பொட்டி ஒண்ணு இருக்கணும்"னு சொன்னாங்க. அந்தப் பொட்டிக்கு... ஆமா, மாச வாடகை! சொந்தமா ஃபோன் வாங்கினவனும் வாடகை கட்டினான். 1975ல எஃப்.சி.சி. புது விதி போட்டு, கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் இழுத்தடிச்சு, கடைசியில 1977 வாக்குலதான் நேரா சுவத்துல செருகுற நிலைமை வந்துச்சு. ஃபோன் வயர் முனையில இருக்குமே அந்தக் குட்டி ஆர்ஜே-11 பிளக், அது இந்தச் சண்டையில பிறந்த குழந்தை.

பழைய ஹாலிவுட் படங்கள்ல ரிசீவரை ரெண்டு ரப்பர் கிண்ணத்துல கவுத்து வெச்சு கம்ப்யூட்டர் கனெக்ட் பண்றதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் காலத்து டெக்னாலஜி அவ்வளவுதான் போலன்னு நினைச்சிருந்தேன். வயரை நேரா இணைக்கத் தெரியாமலா? இணைக்க விடலை, அதான்.

வாடகைப் பழக்கம் மட்டும் சாகலை. 1984ல பெல் சிஸ்டத்தை உடைச்சதுக்கு அப்புறமும், அது தெரியாம பல பெரியவங்க பழைய சுழற்றுற ஃபோனுக்கு வாடகை கட்டிக்கிட்டே இருந்தாங்க. ஒஹையோவில ஒரு பாட்டி 1960கள்ல எடுத்த ஃபோனுக்கு 2006 வரைக்கும் கட்டினது செய்தியா வந்துச்சு. ஆயிரக்கணக்கான டாலர்!

கேபிள் மோடம் வந்தப்ப அதே கதை. இன்னும் ஒரு படி மேல போய், சொந்த ரவுட்டர் வெச்சிருந்தவங்ககிட்டயும் ஃப்ரான்டியர் கம்பெனி மாசம் 10 டாலர் ரவுட்டர் கட்டணம் வாங்குச்சு. கொடுக்காத பொருளுக்கு வாடகை வாங்கக்கூடாதுன்னு சொல்ல 2019 டிசம்பர்ல தனியா ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது, அமலுக்கு வர இன்னொரு வருஷம் ஆச்சு. 2024 ஏப்ரல்ல இருந்து பிஸ்கட் பாக்கெட் மாதிரி ஒரு லேபிள்ல எல்லாக் கட்டணத்தையும் எழுதணும்னு விதி வந்தது. இத்தனை கட்டணத்தையும் பட்டியல் போடுறது கஷ்டம்னு கம்பெனிகளோட சங்கங்கள் அழுதப்ப, அப்படின்னா அந்தக் கட்டணத்தைத் தனியா வாங்காதீங்கன்னு எஃப்.சி.சி. சொன்னது இந்தக் கதையிலேயே எனக்குப் பிடிச்ச இடம். ஆனா அதே எஃப்.சி.சி. 2025 அக்டோபர்ல அந்த லேபிள் விதிகள்ல சிலதைத் தளர்த்தலாம்னு முன்மொழிஞ்சுது.

நம்ம ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1995 ஆகஸ்ட் 15ல விஎஸ்என்எல் இன்டர்நெட் குடுத்தப்ப தனி நபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். டயல் பண்ற ஃபோன் கால் காசு தனி. ஃபோன் பில்லுக்கு சேவை வரி 1994ல 5 சதவீதமா ஆரம்பிச்சது, 2017ல ஜிஎஸ்டியா மாறி 18ல நிக்குது.

சொந்தமா பொட்டி வாங்கிட்டா என்னன்னு கேப்பீங்க. ஃபைபர்ல அது லேசு இல்லை. அந்தக் கோடியில இருக்கிற மெஷின்ல நம்ம பொட்டியோட சீரியல் நம்பரைப் பதிஞ்சாத்தான் லைன் எழுந்திருக்கும், பதியறது அவங்க கையில. கேட்டுப் பார்த்தேன். "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார்"னார் அதே தம்பி. பாவம், அவர் என்ன பண்ணுவார். அவங்க பொட்டியை பிரிட்ஜ் மோடுல போடச் சொல்லிட்டு, பின்னாடி என் பழைய ரவுட்டரை மாட்டியிருக்கேன். வாடகை அப்படியேதான் இருக்கு.

வேளச்சேரி வீட்டு கனெக்ஷனை ரத்து பண்ணி ஒரு மாசம் ஆச்சு. அந்தக் கம்பெனிகிட்ட என் டெபாசிட் 1,500 இருக்கு. பொட்டியை வாங்கிக்க ஆள் வருவார்னாங்க, இன்னும் வரலை. பரண்ல அட்டைப்பெட்டிக்குள்ள தூங்குது. நேத்து மெயில்ல அதுக்கு இந்த மாச வாடகை பில் வந்திருக்கு.