கொழும்பு வரைந்த நன்றிப் பத்திரம்

கொட்டாஞ்சேனை விவேகானந்த மேட்டிலுள்ள விவேகானந்த சபையையும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனையும் கொழும்பு வாழ் இந்துக்கள் நன்கறிவர். இவ்விரண்டும் இந்நகரில் தோன்றுமுன்னரே, 1897 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாள், இந்நகரத்தார் சுவாமி விவேகானந்தருக்கு நன்றி கூறும் பத்திரமொன்றை வாசித்தளித்தனர். வரவேற்புப் பத்திரம் அளித்தல் அக்கால வழக்கமே. அவற்றுட் பல, அதிகாரிகளின் தயவை நாடி வரைந்த வெறும் முகமன்கள். கொழும்புப் பத்திரம் அவ்வகைத்தன்று. அதன் அருமையை உணர, அதற்கு முந்திய சில ஆண்டுகளை நோக்குதல் வேண்டும்.

1893 இல் சிகாகோ சர்வமதப் பேரவையை நாடிச் சென்றபோது, தம்மைப் பிரதிநிதியெனக் காட்டும் சான்றுக் கடிதம் யாதும் சுவாமிகளிடம் இல்லை. ஹார்வர்டிற் கிரேக்கமொழி கற்பித்த ஜான் ஹென்றி ரைட் என்னும் பேராசிரியர் எழுதிய கடிதமே அவருக்கு வாயில் திறந்தது. அறிமுகமாகிச் சின்னாளேயான ஓர் அந்நியர் எழுதினார். சொந்த நாட்டாரோ எழுதினாரல்லர்! பேரவையிற் புகழ் எய்திய பின்னரும் இக்குறை தீரவில்லை. அவர் இந்துக்களின் பிரதிநிதியல்லர், வேடதாரி எனப் பகைவர் தூற்றினர். அதனை மறுத்துக் காட்ட அவர் கையில் ஒரு துண்டுக் காகிதமேனும் இல்லை.

1894 ஏப்ரலில் அவர் சென்னை அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில், பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அனுப்புமாறு வேண்டினார். துறவி புகழ் வேட்டாரோ என ஐயுறுவார்க்கு அவ்வாண்டு சூன் 20 ஆம் நாட் கடிதம் விடை பகரும். ஜூனாகட் திவான் ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாய், சிகாகோவிற் சுவாமிகளுக்கு இல்லம் அளித்த ஹேல் என்பாருக்குத் தாமே கடிதம் எழுதியிருந்தார். அதற்கு நன்றி கூறிய சுவாமிகள், ஹேலுக்கு அவ்வளவேனும் தாம் கடமைப்பட்டிருந்ததாகக் குறித்தார். தம்மை நம்பி இடமளித்தவர் ஏமாறவில்லை என்பதற்கு ஒரு சான்று. அவர் நாடியது அதுவே. ஓராண்டாகியும் தம் நாட்டார் ஒரு குரலேனும் எழுப்பவில்லை என்ற வருத்தமும் அக்கடிதத்தில் உண்டு. உண்மையிலோ சென்னையில் ஏப்ரல் இறுதியிலேயே கூட்டம் கூடிவிட்டது. செய்திதான் கடல் கடந்து சேரவில்லை. கல்கத்தாவோ செப்டம்பரிலேதான் கூடியது.

இங்ஙனம் காலந் தாழ்த்த நன்றியைக் கொழும்பு முந்திக்கொண்டு நேரிற் செலுத்தியது. பத்திரத்திற் கூட்டத் தலைவராகக் கையொப்பமிட்டவர் சட்டநிரூபண சபை அங்கத்தவர் பொ. குமாரசுவாமி. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் மூத்த மைந்தர் இவர். இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் தமையனார். மேல்நாட்டுப் பணி முடித்து மீள்பவரை முதன்முதல் வரவேற்கும் பேறு தமக்கு வாய்த்ததென அப்பத்திரம் பெருமிதங் கொள்கின்றது. இந்து சமயத்தின் பொதுநோக்கை ஐரோப்பிய அமெரிக்க மக்களுக்கு எடுத்துரைத்தமைக்கு நன்றி நவில்கின்றது. மூன்றாண்டுகளுக்கு முன் சிகாகோவில் தேவைப்பட்டது இத்தகைய ஓர் ஏடே.

சுவாமிகள் சுருங்க விடையிறுத்தார். அரசியல் தலைவனுக்கோ படைவீரனுக்கோ செல்வனுக்கோ அன்றி, இரந்துண்ணும் ஒரு துறவிக்கு இவ்வரவேற்பு அளிக்கப்பட்டமையே அவருக்குப் பெரிதாகத் தோன்றிற்று. மறுநாள் புளோரல் மண்டபத்தில், கீழ்நாடு திரும்பிய பின் தமது முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார்.