தோட்டத்திலிருந்து தாமான் வரை: தெப்ராவ் பெண் பெயர்களின் கதை

1844இல் ஜொகூரில் தெமெங்கோங் இப்ராகிமின் ஆட்சிக் காலத்தில், தான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றோரம் தம் ஆட்களோடு குடியேறினார். கத்தக்காம்பும் மிளகும் பயிரான அந்த மண்ணில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரம் வேரூன்றியது. மரம் சீவக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் கூட்டி வந்தார்கள். முனியம்மா, பச்சையம்மாள், மாரியாயி, அஞ்சலை, கோவிந்தம்மாள், லெட்சுமி என்று ஜொகூர்த் தோட்டங்களின் பெயர்ப்பட்டியல்கள் நிறையத் தொடங்கின.

இந்தப் பெயர்களில் பலவற்றுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முன்பாதி குலதெய்வத்தையோ ஊர்த் தெய்வத்தையோ சேர்ந்தது. பின்பாதி அம்மா, அம்மாள், ஆயி என்று குடும்ப வழக்கப்படி அமையும். ஆங்கிலேயர் பெண் குழந்தைக்கு ஓசைப் பொருத்தம் பார்த்துத் தேடும் நடுப்பெயரின் வேலையை நம் வழக்கில் இந்தப் பின்பாதிதான் செய்தது. மாரி என்று நிறுத்தினால் ஆணா பெண்ணா என்று தெரியாது. மாரியாயி என்றால் கேட்பவருக்கு ஒரு பெண் கண்முன் நிற்பாள்.

லயத்து வீடுகளில் இன்னொரு பெயரும் இருந்தது. பேத்திக்குப் பாட்டியின் பெயரை வைப்பது பழைய வழக்கம். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற மகளையே பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய் என்ன செய்வாள்? பாப்பா, சின்னப்பொண்ணு என்று ஒரு கூப்பிடும் பெயர் சேர்ந்துகொள்ளும். முப்பதாம் நாள் காதில் சொன்ன பெயர் ஒன்று, ஆயக்கொட்டகையில் ஆயா கூப்பிட்ட பெயர் வேறொன்று என்றே பல பெண்கள் வளர்ந்தார்கள்.

தோட்டக் கிராணியின் பேனா இதில் எதை எழுதியது என்பதுதான் பின்னால் சிக்கலானது. காதில் விழுந்ததைக் கிராணி ஆங்கில எழுத்தில் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் எழுதினார். லெட்சுமி என்ற ஒரு பெயரே லெட்சிமி, லெச்சுமி என்று ஆளுக்கொரு விதமாகப் பதிவானது. 1948இல் அவசரகாலம் பிறந்து அடையாள அட்டை வந்தபோது, அதுவரை செவிவழியே வாழ்ந்த பெயர்களுக்கு நிலையான எழுத்து வடிவம் தேவைப்பட்டது.

பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே அரசாங்கம் ஒரு குறியை வைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது 'இன்னாரின் மகள்' என்று பொருள்படும் டி/ஓ. பின்னர் மலேசியாவில் மலாய் மொழியில் ஏ/பி ஆயிற்று. பாலம் தாண்டினால் சிங்கப்பூரில் இன்றும் டி/ஓ நிற்கிறது. அக்கா ஜொகூரிலும் தங்கை சிங்கப்பூரிலும் பிள்ளை பெற்றால், ஒரே குடும்பத்துப் பேத்திகளின் பெயர்கள் நடுவில் வேறுபடும். விமான நிறுவனங்களின் கணினிகள் அந்தச் சாய்கோட்டை ஏற்காததால், கடப்பிதழில் ஏ/பி என்று இருப்பது பயணச்சீட்டில் ஏபி என்று ஒட்டிக்கொள்கிறது.

இந்த நடு இடத்தை வேறு விதமாக நிரப்பிய பெண்களும் உண்டு. 1943இல் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா நவோமி நவரத்தினம், இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழ்ப் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே விவிலியப் பெயர் இருந்தது. திருமணத்துக்குப் பின் ராசம்மா பூபாலன் என்று நாடறிய வாழ்ந்தார். 1952இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் வென்ற தேவகி அய்யாத்துரை கிருஷ்ணனின் பெயரில், தந்தை நடுவிலும் கணவர் கடைசியிலும் நின்றார்கள்.

சுயமரியாதை இயக்கத் தலைவர் பெரியார் 1929இன் இறுதியிலும் 1954இலும் மலாயா வந்தார். 1952இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கினார். அந்தத் தமிழுணர்வு அலையில் தமிழ்ச்செல்வி, மலர்விழி, மணிமேகலை போன்ற பெயர்கள் தோட்டத்து வீடுகளுக்கும் வந்தன. இன்னொரு பக்கம் சினிமா. அம்மாளும் ஆயியும் ஒதுங்க, ராணி, குமாரி, தேவி என்ற பின்பாதிகள் வந்தன: விஜயராணி, சாந்தகுமாரி, வசந்தாதேவி. பாட்டியின் பெயர் பட்டிக்காட்டுப் பெயராகத் தோன்றிய காலம் அது. அந்த வெட்கத்தில் நாம் இழந்தது கொஞ்சமல்ல. தோட்டத்து மூதாட்டிகள் பலருக்கு நிலமும் வீடும் எழுதி வைக்க இல்லாதபோது, பெயர் ஒன்றுதான் அவர்கள் விட்டுப்போன சொத்து.

தெப்ராவின் மவுண்ட் ஆஸ்டின் ரப்பர்த் தோட்டம் இன்று தாமான் மவுண்ட் ஆஸ்டின் என்ற குடியிருப்பு. பால்மரம் நின்ற இடத்தில் அடுக்குமாடிகளும் கடைத்தொகுதிகளும். பெயர் தேடும் முறையும் மாறிவிட்டது. பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தைப் பார்க்கிறார்கள்; அசுவினி என்றால் சு, சே, சோ, ல. பிறகு எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். ஆனாலும் இரண்டு பகுதிகளாகப் பெயரைக் கட்டும் பழக்கம் போகவில்லை. ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியத்தின் பெயரில் சிவனும் சங்கரியும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

இந்த இரண்டாம் பகுதியில்தான் பாட்டிக்குத் திரும்ப இடம் கிடைக்கிறது. தந்தையின் பெயர் ஏ/பிக்குப் பின்னால் தானாக வந்துவிடும். தாய்வழிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. புதுப்பெயரோடு லெட்சுமி, மீனாட்சி, காமாட்சி என்று தாயின் தாய் பெயரைச் சேர்த்தால் அந்தக் குறை தீரும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1957இன் கீழ் பதிவான பெயரைப் பிறகு மாற்றுவது எளிதல்ல. ஆகவே பதிவு இலாகா முகப்பில் எண் வாங்கும் முன்னரே, பாட்டியை உட்காரவைத்து அவருடைய முழுப்பெயரையும் கூப்பிடும் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.