இறுதியாட்டத்தில் அரசன் (சதுரங்கம்)

சதுரங்கத்தில் இறுதியாட்டம் என்பது இரு தரப்பிலும் பெரும்பாலான காய்கள் வெட்டப்பட்டு, ஒருசில காய்களும் காலாட்களும் (சிப்பாய்களும்) மட்டுமே பலகையில் எஞ்சியிருக்கும் கட்டத்தைக் குறிக்கும். அதுவரை காவலுக்குள் வைத்துப் பாதுகாக்கப்பட்ட அரசன் (ராஜா), இக்கட்டத்தில் முன்னேறித் தாக்கும் காயாக மாறுகிறது. இம்மாற்றத்தை உரிய நேரத்தில் உணர்ந்து அரசனைக் களமிறக்கும் ஆட்டக்காரர் சமநிலையில் உள்ள ஆட்டத்தை வெல்லவும், தோற்கும் நிலையில் உள்ள ஆட்டத்தைச் சமன் செய்யவும் வாய்ப்புண்டு. தயங்குபவர் வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தை இழக்கக்கூடும்.

நிலை மாற்றத்திற்கான காரணம்

அரசன் எத்திசையிலும் ஒரு கட்டம் மட்டுமே நகரும். பலகையின் நடுவில் நிற்கும்போது அது 8 கட்டங்களையும், ஓரத்தில் 5 கட்டங்களையும், மூலையில் 3 கட்டங்களையும் கட்டுப்படுத்துகிறது. எனவே நடுவிலிருந்தே அது முழு வலிமையுடன் இயங்க முடியும். ஆனால் தொடக்கத்தில் நடுவில் நிற்கும் அரசனை எதிரியின் அரசி (ராணி), கோட்டை (யானை), அமைச்சர் (மந்திரி), குதிரை ஆகியவை ஒன்றுசேர்ந்து எளிதில் முற்றுகையிட்டுவிடும். இதனாலேயே ஆட்டக்காரர்கள் கோட்டை கட்டுதல் என்னும் நகர்த்தலின் மூலம் அரசனை ஓரத்துக்குக் கொண்டுசென்று காலாட்களின் பின்னே நிறுத்துகின்றனர்.

அரசிகளும் பிற காய்களும் வெட்டப்பட்டபின் இந்த அபாயம் பெரிதும் குறைந்துவிடுகிறது. அப்போது அரசனின் போர் வலிமை குதிரை அல்லது அமைச்சரின் வலிமையைவிடச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 4 காலாட்களுக்கு ஈடாக மதிப்பிடப்படுகிறது. இத்தகைய ஒரு காயை மூலையில் சும்மா நிறுத்திவைப்பது, ஒரு காய் குறைவாக ஆடுவதற்கு ஒப்பாகும்.

களமிறக்கும் நேரம்

அரசனை எப்போது வெளிக்கொணர்வது என்பதற்குத் திட்டவட்டமான விதி எதுவும் இல்லை. எனினும் பின்வருவன பொதுவாகக் கருத்திற் கொள்ளப்படுகின்றன.

* இரு அரசிகளும் வெட்டப்பட்டுவிட்டனவா என்பது முதலில் பார்க்கப்பட வேண்டும். எதிரியிடம் அரசி இருக்கும்வரை தொடர் முற்றுகைகளுக்கு இடமுண்டு.
* எதிரியிடம் எஞ்சியுள்ள காய்கள் ஒன்றுசேர்ந்து இறுதி முற்றுகை இடக்கூடியனவா என்று ஆராய வேண்டும். ஒரு கோட்டை மட்டும் உள்ளபோது இவ்வாய்ப்பு குறைவு. இரு கோட்டைகள் உள்ளபோது கவனம் தேவை.
* அரசன் செல்லும் பாதையில் அதற்கு மறைவாக அமையக்கூடிய காலாட்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். எதிரியின் காலாளே சில வேளைகளில் சிறந்த மறைவாக அமைவதுண்டு.
* காய்களை மாற்றி வெட்டுவதற்கு முன்னரே, மாற்றத்தின் பின் எந்த அரசன் நடுக்கட்டங்களுக்கு அருகில் இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே பெரும்பாலும் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. காய்கள் குறையக் குறைய, ஒரு நகர்த்தல் முந்துவதா பிந்துவதா என்பதிலேயே வெற்றி தங்கியிருக்கும்.

அடிப்படை உத்திகள்

எதிர்நிலை: இரண்டு அரசர்கள் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்க முடியாது. ஆகவே ஒரே வரிசையில், இடையே ஒரு கட்டம் மட்டும் இருக்கும்படி அவை எதிரெதிரே நிற்கும்போது, நகர்த்த வேண்டிய முறை யாருக்கு வருகிறதோ அவர் வழிவிட நேர்கிறது. நகர்த்த வேண்டிய கட்டாயம் இல்லாதவரே எதிர்நிலையைக் கைப்பற்றியவராகக் கருதப்படுவார். அரசனும் காலாளும் மட்டுமே உள்ள பெரும்பாலான இறுதியாட்டங்களுக்கு இதுவே திறவுகோல் ஆகும்.

காலாளுக்கு முன் அரசன்: ஓர் அரசனும் ஒரு காலாளும், எதிரே தனி அரசனும் உள்ள நிலையில், காலாளை முதலில் ஓட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. அரசன் முன்னே சென்று வழியைத் திறக்க வேண்டும். காலாள் பின்தொடர வேண்டும். வெள்ளை அரசன் தன் காலாளுக்கு முன்னால் 6ஆம் கிடைவரிசையை அடைந்துவிட்டால், நகர்த்தும் முறை யாருடையதாயினும் வெற்றி உறுதி. இரு ஓர நெடுவரிசைகளில் உள்ள காலாட்கள் இதற்கு விதிவிலக்கு. எதிரி அரசன் மூலையை அடைந்துவிட்டால் ஆட்டம் சமநிலையில் முடியும்.

சதுர விதி: தடையின்றி ஓடும் காலாளை எதிரி அரசன் தனியாகப் பிடிக்க முடியுமா என்பதைக் கணக்கிட இவ்விதி உதவுகிறது. காலாள் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை உள்ள தொலைவை ஒரு பக்கமாகக் கொண்டு ஒரு சதுரத்தைக் கற்பனை செய்ய வேண்டும். தன் முறையில் அச்சதுரத்துக்குள் நுழைய முடிந்த அரசன் காலாளைப் பிடித்துவிடும்.

மூலைவிட்டப் பாதை: சதுரங்கப் பலகையில் சாய்வாகச் செல்லும் பாதையும் நேராகச் செல்லும் பாதையும் அரசனுக்கு ஒரே எண்ணிக்கையிலான நகர்த்தல்களையே எடுக்கும். எனவே சாய்வாகச் செல்லும் அரசன் ஒரே நேரத்தில் இரண்டு இலக்குகளை நெருங்க இயலும். ரிச்சர்டு ரெட்டி 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆட்டப் புதிர் இதை விளக்குகிறது. அதில் எதிரியின் காலாளைப் பிடிக்கவோ தன் காலாளைக் காக்கவோ முடியாத தொலைவில், மூலையில் நிற்கும் வெள்ளை அரசன், இரண்டையும் நோக்கிச் சாய்வாக நடந்து ஆட்டத்தைச் சமன் செய்கிறது.

புகழ்பெற்ற எடுத்துக்காட்டு

1924இல் நியூயார்க்கில் நடைபெற்ற போட்டியில் ஒசே ரவூல் காப்பபிளாங்கா, சாவியெலி டார்டகோவர் ஆகியோர் ஆடிய ஆட்டம் பாடநூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. இருவரிடமும் ஒரு கோட்டையும் சில காலாட்களும் எஞ்சியிருந்த நிலையில், காப்பபிளாங்கா தன் காலாட்கள் இரண்டினை முற்றுகையுடன் வெட்டப்பட விட்டுவிட்டுத் தன் அரசனை முன்னே செலுத்தினார். அரசன் 6ஆம் கிடைவரிசையை அடைந்து தன் காலாளுக்குத் துணையாக நின்றதும் எதிரியின் கோட்டையால் ஒன்றும் செய்ய இயலவில்லை. 52ஆவது நகர்த்தலில் டார்டகோவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். காலாட்களின் எண்ணிக்கையைவிட அரசனின் இடமே முதன்மையானது என்பதை இவ்வாட்டம் நிறுவியது.

காவிரிப் படுகையும் சதுரங்கமும்

தஞ்சாவூர்ப் பகுதிக்கும் சதுரங்கத்துக்கும் உள்ள தொடர்பு கோயில் மரபிலும் காணப்படுகிறது. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள பூவனூரில் அமைந்த சிவன் கோயிலில் இறைவன் சதுரங்க வல்லபநாதர் என்னும் பெயரால் வழிபடப்படுகிறார். சதுரங்கத்தில் யாராலும் வெல்லப்படாத அரச குமாரியைச் சிவபெருமான் முதியவராக வந்து ஆடி வென்று மணம் புரிந்தார் என்று இக்கோயிலின் தலபுராணம் கூறுகிறது. 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றபோது இக்கோயில் பரவலாகப் பேசப்பட்டது.

இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், 1969 டிசம்பர் 11 அன்று, அக்காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த மயிலாடுதுறையில் பிறந்தார். 2000ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் உலக வாகையாளர் பட்டம் பெற்ற அவர், 2007 முதல் 2013 வரையும் உலக வாகையாளராகத் திகழ்ந்தார். 2013 நவம்பரில் சென்னையில் நடைபெற்ற போட்டியில் நோர்வேயைச் சேர்ந்த மாக்னசு கார்ல்சனிடம் அவர் பட்டத்தை இழந்தார். முதல் நான்கு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்திருந்தன. 5ஆவது, 6ஆவது ஆட்டங்களைக் கார்ல்சன் வென்றார். இரண்டுமே கோட்டைகளும் காலாட்களும் எஞ்சிய நீண்ட இறுதியாட்டங்கள் ஆகும்.

பதினோர் ஆண்டுகளின் பின், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், சென்னையில் பிறந்த தொ. குகேசு சீனாவின் டிங் லிரெனை வென்று தமது 18ஆம் அகவையில் உலக வாகையாளர் ஆனார். பதின்மூன்று ஆட்டங்களின் முடிவில் இருவரும் 6½ புள்ளிகளுடன் சமமாக இருந்தனர். கடைசி ஆட்டத்தில் குகேசிடம் ஒரு காலாள் கூடுதலாக இருந்தபோதும், கோட்டைகளும் அமைச்சர்களும் பலகையில் இருந்தவரை டிங் ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடிய நிலையிலேயே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் அவர் கோட்டைகளை மாற்றி வெட்ட முன்வந்தார். மூலையில் நின்ற அவரது அமைச்சரையும் அடுத்து மாற்றி வெட்டியாக வேண்டிய நிலை ஏற்படும் என்பதை அவர் கவனிக்கவில்லை. நான்கு நகர்த்தல்களுக்குள் அரசர்களும் காலாட்களும் மட்டுமே எஞ்சினர். குகேசின் அரசன் நடுக்கட்டத்துக்கு வந்து, டிங்கின் அரசனுக்கு நேரெதிரே, இடையே ஒரு கட்டம் விட்டு நின்றது. நகர்த்தும் முறை டிங்குடையது. மேலே விளக்கப்பட்ட எதிர்நிலை இதுவே. அவர் அத்துடன் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

பிற விளையாட்டுகளில்

வலிமையான ஒன்றை இறுதிவரை காத்து வைத்திருந்து களமிறக்கும் உத்தி வேறு விளையாட்டுகளிலும் உண்டு. 1996இல் சப்பானில் வெளியான போக்கிமான் நிகழ்பட விளையாட்டின் போட்டி ஆட்டங்களில், விரைவும் தாக்கு வலிமையும் மிக்க ஓர் உயிரியைப் பின்னணியில் நிறுத்திவைப்பர். அதைத் தடுக்கவல்ல எதிரணி உயிரிகளைப் பிற உயிரிகள் வீழ்த்தியோ தளர்த்தியோ வைத்தபின், அது இறங்கி எஞ்சியவற்றை வரிசையாக வீழ்த்தும். தமிழகத்தின் ஆடு புலி ஆட்டத்தில் 15 ஆடுகளும் பலகையில் வைக்கப்படும்வரை எந்த ஆடும் நகர்வதில்லை. அதன் பின்னரே அவை நகர்ந்து மூன்று புலிகளையும் மடக்க முற்படுகின்றன.

சதுரங்கத்துடன் இவற்றுக்கு ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. போக்கிமானில் காத்து வைத்த உயிரி வீழ்ந்தாலும், ஆட்டில் ஒன்று வெட்டப்பட்டாலும் ஆட்டம் தொடரும். சதுரங்கத்திலோ தாக்கச் செல்லும் காயும் இழக்கவே கூடாத காயும் ஒன்றே.

வழக்கமான தவறுகள்

அரசி இன்னும் பலகையில் உள்ளபோதே அரசனை வெளிக்கொணர்வது முதல் தவறு. எனினும் 1991இல் டில்பர்க் நகரில் நைசல் சார்ட், இயான் டிம்மானுக்கு எதிராக, அரசிகளும் கோட்டைகளும் பலகையில் இருக்கும்போதே தன் அரசனை நான்கு நகர்த்தல்களில் எதிரி அரசனின் அருகே நடத்திச் சென்று வென்றார். எதிரியின் காய்கள் முற்றிலும் முடங்கியிருந்ததாலேயே அது இயன்றது.

காலம் கடந்தும் அரசனை அசைக்காதிருப்பது இரண்டாவது தவறு. நடுவாட்டத்தில் அரசனைக் காத்துப் பழகியவர்களிடம் இதுவே மிகுதியாகக் காணப்படுகிறது.

மூன்றாவது, வெற்றிக்கு அருகில் வந்தபின் நேர்வது. எதிரியின் தனி அரசனை நெருக்கும்போது, முற்றுகை இடாமலேயே அதற்கு நகர ஒரு கட்டமும் இல்லாமல் செய்துவிட்டால் ஆட்டம் சமநிலையில் முடிந்துவிடும். எனவே ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்பும் எதிரிக்கு நகர்த்த இடம் எஞ்சியுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.