ஸ்பிட்

வட அமெரிக்க ஐஎஸ்டிஎன் (எண்முறைத் தொலைபேசி) இணைப்புகளில், வாடிக்கையாளரின் கருவி தன்னைத் தொலைபேசி இணைப்பகத்துக்கு அறிவிக்கப் பயன்படுத்திய எண். இது தொலைபேசி எண் அன்று. மறுமுனையில் இருப்பவர் இதை அறியவும் வேண்டியதில்லை.

தோற்றம்: ஐஎஸ்டிஎன் பரிந்துரைகளை அனைத்துலகத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான சிசிஐடிடி 1984இல் தொகுத்து வெளியிட்டது. அடிப்படை இணைப்பில் 64 கிலோபிட் வேகமுள்ள பி சேனல்கள் இரண்டு. அழைப்புக் குறிகைகளுக்கென 16 கிலோபிட் டி சேனல் ஒன்று.

வட அமெரிக்கா: நார்தர்ன் டெலிகாமின் டிஎம்எஸ்-100, ஏடி அண்ட் டியின் 5இஎஸ்எஸ் ஆகிய இணைப்பகங்கள் தத்தம் வழக்கத்தைக் கொண்டிருந்தன. முன்னது பெரும்பாலும் பி சேனலுக்கு ஒன்றாக இரு ஸ்பிட் கேட்டது. பின்னதன் முனைக்கு முனை (ஒரே கருவி) இணைப்புக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. 1990களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் ஆய்வமைப்பான பெல்கோர் வகுத்த நேஷனல் ஐஎஸ்டிஎன் தரம் இவ்வேறுபாடுகளைக் குறைத்தது. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணோடு 0101 சேர்ந்த 14 இலக்க வடிவம் பின்னர் பரவலானது. ஒரே இணைப்பில் உள்ள பல கருவிகளைப் பிரித்தறிய ஸ்பிட் இன்றியமையாதது என்பர் சிலர். தவிர்த்திருக்கலாம் என்பாரும் உண்டு.

ரூட்டர் அழைப்பு: ரூட்டர் இயங்கத் தொடங்கியதும் இணைப்பகம் அதற்கொரு முனைய எண்ணை வழங்கும், அதன்பின் ரூட்டர் ஸ்பிட்டை அனுப்பும். ஓர் இலக்கம் பிசகினாலும், டி சேனல் சீராகத் தோன்ற, அழைப்பு மட்டும் கிட்டாமல் போகலாம். எந்த ஐபி முகவரிக்கு எந்தத் தொலைபேசி எண் என்பது ரூட்டரில் தனியே பதியப்பட்டிருக்கும். அழைக்கத் தகுந்ததெனக் குறிக்கப்பட்ட பொட்டலம் வந்ததும் டி சேனலில் அழைப்பு செல்லும். சாப் என்னும் கடவுச்சொல் முறையில் இரு ரூட்டர்களும் அடையாளம் சரிபார்க்கும். மல்டிலிங்க் பிபிபி இரு சேனல்களையும் இணைத்து 128 கிலோபிட் தரும்.

சிஸ்கோ ரூட்டர்களில், அழைக்கத் தகுந்த பொட்டலம் 120 வினாடி வராவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படுவது இயல்பமைப்பு. 30 வினாடிக்கொரு முறை புறப்படும் ரிப் என்னும் வழித்தட அறிவிப்பையும் தகுந்ததெனக் குறித்துவிட்டால், வேலை ஏதும் நடவாத இரவிலும் இணைப்பு அறாது. நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும்.

பிற நாடுகள்: யூரோ-ஐஎஸ்டிஎன் முறையில் ஸ்பிட் இல்லை, கருவிகளை எம்எஸ்என் எனப்படும் பல் சந்தாதாரர் எண்கள் பிரித்தறிந்தன.

பிற்காலம்: டிஎஸ்எல், கேபிள் இணைப்புகள் பரவியபின் ஐஎஸ்டிஎன் பயன்பாடு சுருங்கியது. ஜப்பானின் ஐஎன்எஸ் நெட் சேவையில் தரவு அழைப்பு முறை 2024இல் நிறுத்தப்பட்டது.